திருப்புதல் காலத்து ஆங்கிலம்

பொங்கல் விடுமுறை கழிந்து பள்ளிகள் திறக்கும் நாள் முதல் பங்குனியில் அரசுப் பொதுத்தேர்வு தொடங்கும் நாள் வரையிலுள்ள காலத்தைப் பத்தாம் வகுப்பு உபாத்தியாயர்கள் திருப்புதல் காலம் என்று வழங்குகிறார்கள். முதல் திருப்புதல், இரண்டாம் திருப்புதல் என்று தேர்வுகள் அடுத்தடுத்து வர, காலையிலும் மாலையிலும் சிறப்பு வகுப்புகள் நடக்க, அதுவரை படித்ததையெல்லாம் மாணாக்கர் மீண்டும் ஒருமுறை வலம் வருகிற இப்பருவத்தில், கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் செய்யும் திருப்புதலின் பிரயோஜனம் வெளிப்படை; ஆங்கிலத்துக்குச் செய்யும் திருப்புதல் யாருக்கு என்ன நன்மை தருகிறது என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

முன்னர் இரண்டு தாள்களாக இருந்த ஆங்கிலப் பரீட்சை, 2019-20 கல்வியாண்டு முதல் 100 மதிப்பெண்ணுக்குரிய ஒரே தாளாயிற்று. (அவ்வாண்டுப் பரீட்சை பெருந்தொற்றினால் நடவாமலே போய், எல்லோரும் தேர்ச்சி பெற்றதாக அறிவிக்கப்பட்டது வேறு கதை.) அத்தாளில் இலக்கணத்துக்கென்று ஒரு பங்கு உண்டு: செய்வினை வாக்கியத்தைச் செயப்பாட்டுவினையாக மாற்றுவது, நேர்கூற்றை அயற்கூற்றாக்குவது, தனி வாக்கியத்தைக் கலவை வாக்கியமாக்குவது, நிறுத்தக்குறி இடுவது, கலைந்து கிடக்கும் சொற்களை ஒழுங்குபடுத்துவது ஆகியவை. கடிதம், விளம்பரம், அறிவிப்பு, படத்தைப் பார்த்து ஐந்து வாக்கியம் எழுதுதல், குறிப்பெடுத்தல், பிழை திருத்தம் என்று எழுத்துப் பயிற்சிக்கும் ஒரு பங்கு உண்டு. இவ்வெழுத்துப் பகுதி வினாக்கள் ஒவ்வொன்றுக்கும் 5 மதிப்பெண். தாளை அமைத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பதினைந்து வயதுப் பிள்ளை ஒரு பாஷையில் செய்யக்கூடிய காரியங்கள் பலவற்றை அதில் வைத்துத்தான் இருக்கிறார்கள். குறை, அத்தாளை நோக்கி நாம் பிள்ளைகளை நடத்திச் செல்லும் வழியில் இருக்கிறது.

திருப்புதல் வகுப்பில் நடப்பது இதுதான். கைடு அச்சிட்டுத் தந்த வாக்கியம் ஒன்றை மாணவன் தலைகீழாகப் புரட்டுகிறான்; புரட்டியதற்கு ஒரு சரி விழுகிறது; அடுத்த வாக்கியத்துக்குப் போகிறான். ஏன் புரட்டினோம், புரட்டாமல் விட்டால் என்ன குறைந்துபோகும் என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. கடிதத்தின் கதி இன்னும் பரிதாபம். மாநகராட்சியே இல்லாத ஊரில் பிறந்து வளர்ந்த பிள்ளை, மாநகராட்சி ஆணையருக்குத் தெருவிளக்கு எரியவில்லை என்று கரும்பலகையில் எழுதிப்போட்ட முறையீட்டை வரி பிசகாமல் நெட்டுருப் பண்ணுகிறான். விடைத்தாளில் தன்னை அடையாளம் காட்டலாகாது என்பதால், பெயர் எழுத வேண்டிய இடத்தில் எக்ஸ் எக்ஸ் எக்ஸ் என்றும், ஊர் எழுத வேண்டிய இடத்தில் ஒய் ஒய் ஒய் என்றும் எழுதப் பழகுகிறான். எழுதியவனுக்கும் பெயரில்லை, இருட்டான தெருவுக்கும் பெயரில்லை. பத்து வருஷம் ஆங்கிலம் பயின்ற ஒருவன், தான் சொல்ல விரும்பிய ஒரு சங்கதியைத் தன் சொந்த வாக்கியத்தில் ஒருமுறைகூட எழுதாமலே பள்ளியை விட்டுப் போவது சாத்தியம் என்பதைவிட இந்த முறைக்கு வேறு கண்டனம் தேவையில்லை.

இதற்கு மாறாக நான் சொல்வது, திருப்புதல் காலத்தில் திருப்ப வேண்டியது பிள்ளையின் சொந்த வாக்கியங்களை என்பதே. நாள்தோறும் ஐந்து வாக்கியம் அவனாக எழுதட்டும். அதில் அவன் செய்யும் பிழைகளிலிருந்து இலக்கணம் புறப்படட்டும். அப்படிப் புறப்படும் இலக்கணத்துக்குப் பெரிய துணை ஒன்று அவனிடமே இருக்கிறது. அது அவனுடைய தமிழ். தமிழ் குறுக்கே வந்து ஆங்கிலத்தைக் கெடுக்கிறது என்று பல ஆங்கில ஆசிரியர்கள் நினைப்பதுண்டு. நான் அதற்கு நேர்மாறான அபிப்பிராயம் உடையவன்.

உதாரணமாக, 'எ', 'தி' என்ற இரண்டு சின்னஞ்சிறு சொற்களை எடுத்துக்கொள்வோம். இவற்றுக்கு நிகரான கட்டாய உறுப்புத் தமிழில் இல்லாமையால் நம் பிள்ளைகள் இவற்றை விட்டுவிடுகிறார்கள், அல்லது கண்ட இடத்தில் தூவுகிறார்கள். ஆனால் 'புத்தகம் வாங்கினேன்' என்பதற்கும் 'புத்தகத்தை வாங்கினேன்' என்பதற்கும் உள்ள வேற்றுமையை எந்தத் தமிழ்ப் பிள்ளைக்கும் எவரும் கற்பிக்கத் தேவையில்லை. முன்னது ஏதோ ஒரு புத்தகம். பின்னது, சொல்பவனும் கேட்பவனும் ஏற்கெனவே அறிந்த புத்தகம். இரண்டாம் வேற்றுமை உருபு இங்கே செய்கிற வேலையில் பெரும்பகுதியைத்தான் அங்கே 'தி' செய்கிறது என்று எடுத்துக் காட்டினால், பக்கம் பக்கமாக விதிகளைப் படித்தும் விளங்காதது அரை மணியில் விளங்கக்கூடும். விதிவிலக்குகள் பல உண்டு என்பது மெய்தான். எனினும் நுழைவாயில் திறந்துவிடும்.

அவ்வாறே, வினையின் ஈற்றில் ஒட்ட வேண்டிய 'எஸ்'. நிகழ்காலத்தில் படர்க்கை ஒருமைக்கு மட்டும் வரும் இந்த எழுத்தை நம் மாணாக்கர் விட்டுவிடுவது போல வேறெதையும் விடுவதில்லை. வந்தேன், வந்தாய், வந்தான், வந்தாள், வந்தது என்று எழுவாய்க்கு இணங்கி வினை உருமாறும் பாஷையில் பிறந்தவன், வினைமுற்றின் இயைபை ஆங்கிலேயனைவிட நன்றாகவே அறிந்தவன். அந்த இயைபு ஆங்கிலத்தில் காலப்போக்கில் பெரும்பாலும் உதிர்ந்துபோய், மிஞ்சி நிற்பவற்றுள் இந்த 'எஸ்' முக்கியமானது என்று சொன்னால், அவன் அதைத் தன் மொழியின் தூரத்து உறவு போல நினைவில் வைத்துக்கொள்வான்.

அயற்கூற்றில் நேரும் குழப்பத்துக்கும் வேர் இங்கேதான். 'நான் நாளைக்கு வருகிறேன் என்று கண்ணன் சொன்னான்' என்று, பிறர் பேச்சை இம்மியும் மாற்றாமல் 'என்று' என்ற ஒரு சொல்லைக் கொண்டே ஏந்திவந்து வைத்துவிட நம் மொழி இடம் கொடுக்கிறது. ஆங்கிலமோ, நான் என்பதை அவன் ஆக்கி, காலத்தைப் பின்னுக்குத் தள்ளி, நாளை என்பதை மறுநாள் ஆக்கும்படி கேட்கிறது. அட்டவணையை ஒப்பிக்க வைப்பதைவிட, ஒருவன் சொன்ன செய்தியை மற்றொருவன் மூன்றாமவனுக்கு மறுநாள் எழுதித் தெரிவிக்கும்படி செய்தால், அந்த மாற்றங்களின் அவசியம் தானாகவே தட்டுப்படும். செயப்பாட்டுவினையும் அப்படித்தான்: கண்ணனால் மாம்பழம் தின்னப்பட்டது என்று எந்த மொழியிலும் மனிதர்கள் பேசுவது அபூர்வம், ஆனால் ஆண்டு விழா ஒத்திவைக்கப்பட்டது என்று அறிவிப்பு எழுதும்போது செய்தவன் பெயர் வேண்டாதிருப்பதை எவரும் உணர்வர். அறிவிப்பையும் செயப்பாட்டுவினையையும் ஒரே நாளில் கற்பிக்காமல், ஒன்றை எழுத்துப் பகுதியென்றும் மற்றொன்றை இலக்கணப் பகுதியென்றும் வெவ்வேறு வாரங்களில் திருப்புவது விந்தையிலும் விந்தை.

இவையெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று சொல்பவர்கள் இந்நாட்டின் கல்விச் சரித்திரத்தைச் சற்றுப் புரட்டிப் பார்க்கலாம். சென்னை ராஜ்யத்தில், ஐம்பதுகளின் இறுதியில், ஆங்கிலம் தொடங்கி வைக்கும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி தரத் துணிந்து, பயிற்சி பெற்றோரே பிறருக்குப் பயிற்சி தரும்படி ஒரு பேரியக்கத்தை நடத்தினார்கள். அது பரப்பிய முறை, வாக்கிய அமைப்புகளை ஒவ்வொன்றாகப் பழக்குவது. அம்முறையில் குறை கண்ட என். எஸ். பிரபு என்பவர், 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை முதலிய தென்னிந்திய ஊர்களின் சாதாரணப் பள்ளிகளில் வேறொரு பரிசோதனை செய்தார். இலக்கணத்தை நேராகக் கற்பியாமல், ரயில் கால அட்டவணையையும் ஊர் வரைபடத்தையும் கொடுத்து, அவற்றைக் கொண்டு தீர்க்கும் சிறு சிக்கல்களின் வழியே ஆங்கிலம் படியவைத்த அம்முயற்சி, உலகெங்கும் மொழி ஆசிரியர்கள் இன்று விவாதிக்கும் செயல்வழி மொழிக்கல்விக்கு ஒரு மூலம். பிரபு இலக்கணத்தை அறவே ஒதுக்கியது மிகை என்றே நான் கருதுகிறேன். ஆயினும் நம் வினாத்தாளில் வழி சொல்லும்படி கேட்கும் வரைபட வினாவைக் காணும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வருகிறது. தாள் முழுவதிலும் எனக்கு உகந்த வினா அதுவே: இரண்டே மதிப்பெண், ஆனால் கேட்பவன் வழி தவறாமல் போய்ச் சேர வேண்டும் என்ற கவலையோடு எழுத வேண்டிய வினா.

தேர்ச்சிக்கு 35 போதும், மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்குச் சொந்த வாக்கியம் ஏது என்று கேட்பவர்களை அலட்சியம் செய்ய முடியாது. குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கு வந்த பிள்ளைக்கு அந்த 35, ஐடிஐயின் வாசலோ பாலிடெக்னிக்கின் வாசலோ ஆகிறது. அதை ஏளனம் செய்ய எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் அப்பிள்ளையை மீட்பதற்காகத் தேர்ந்தெடுத்துத் தரப்படும் மினிமம் மெட்டீரியலைப் பாருங்கள்: படம், விளம்பரம், கடிதம், வரைபடம் ஆகியவையே முன்னணியில் நிற்கும். படத்தைப் பார்த்து எழுதும் ஐந்து எளிய வாக்கியங்களை அவன் நெட்டுருப் போட்டு வந்தால், மரத்தடியில் சிறுவர் விளையாடும் படத்துக்கு மனப்பாடம் செய்ததைக் கடைத்தெருப் படத்துக்கு எழுதிவிட்டு வருவான். சிறுவாக்கியம் அமைக்கத் தெரிந்தவனுக்கு எந்தப் படம் வந்தாலும் கவலையில்லை.

ஆசிரியர் தரப்பில் ஒரு நியாயமான முறையீடு உண்டு: ஐம்பது நோட்டுகளை நாள்தோறும் யார் திருத்துவது? முழுதும் திருத்த வேண்டியதில்லை. திங்கட்கிழமை வினையீற்றை மட்டும் பார்த்துக் கோடிட்டுத் தந்தால் போதும்; செவ்வாய்க்கிழமை 'எ', 'தி' மட்டும். எல்லாப் பிழைகளையும் சிவப்பு மையால் குளிப்பாட்டித் தந்த நோட்டை எந்தப் பிள்ளையும் இரண்டாம் முறை திறந்து பார்ப்பதில்லை. முதல் திருப்புதல் தேர்வின் விடைத்தாளைக் கொடுத்த கையோடு மதிப்பெண்ணை மட்டும் வாசித்துவிட்டு அடுத்த தேர்வுக்கு ஓடாமல், அத்தாளில் வகுப்பு முழுவதும் பொதுவாகச் செய்த பிழைகளில் மூன்றை மட்டும் கரும்பலகையில் எழுதி, அவற்றைப் பிள்ளைகளைக் கொண்டே திருத்துவதற்கு இரண்டு பாடவேளைகளை ஒதுக்கும்படி ஜனவரி மாதச் சுற்றறிக்கையிலேயே கல்வித்துறை பணிக்கலாம். இதற்குப் புதிய புத்தகமோ பயிற்சி முகாமோ ஒரு ரூபாய்ச் செலவோ வேண்டியதில்லை.