கட்டிவைப்பது சிகிச்சை அல்ல
மனநல வார்டுகளில் உடற்கட்டுப்பாடு குறித்து மனநலச் செவிலியர் சங்கத்தின் நிலைப்பாடு

மனநோயாளியைக் கட்டிலோடு கட்டிவைப்பதைச் சிகிச்சையின் ஒரு பகுதியாக எங்கள் சங்கம் ஏற்கவில்லை. வேறு எதுவும் கைகொடுக்காத நேரத்தில், உயிருக்கோ உடலுக்கோ வரும் உடனடி ஆபத்தைத் தடுக்கக் குறுகிய நேரம் மட்டும் எடுக்கப்படும் கடைசி நடவடிக்கை அது. ஆள் போதவில்லை என்பதற்காக ஒருவரைக் கட்டுவது குற்றம். அந்த நிலைக்குச் செவிலியரைத் தள்ளுவதும் தவறு.

சட்டம் சொல்வது

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலக் காப்பகக் கொட்டகை ஒன்று தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் தப்பி ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவு, அப்படிச் சங்கிலியிடுவதை எந்த வடிவிலும் தடை செய்கிறது. 97ஆம் பிரிவு, தனியறையில் அடைப்பதைத் தடுக்கிறது. உடற்கட்டுப்பாட்டுக்கும் கடும் நிபந்தனைகள் விதிக்கிறது. பொறுப்பு மனநல மருத்துவரின் அனுமதி வேண்டும். முறை, காரணம், கால அளவு மூன்றும் உடனே கேஸ் ஷீட்டில் ஏற வேண்டும். நோயாளியின் நியமனப் பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் தகவல் போக வேண்டும். தண்டனையாகவோ, ஆள் பற்றாக்குறையை மட்டும் காரணம் காட்டியோ கட்டக் கூடாது.

செவிலியரின் பொறுப்பு

கொந்தளிப்பு பெரும்பாலும் சொல்லிக்கொண்டுதான் வருகிறது. இரண்டு இரவுகளாகத் தூக்கமில்லை, குரல் உயர்கிறது, கை இறுகுகிறது, நடை நிற்கவில்லை. இவற்றைக் கவனிக்கும் முதல் ஆள் செவிலியர்தான். ஹாலோபெரிடால் போன்ற மருந்துகள் சிலருக்கு உட்கார முடியாத தவிப்பைத் தரும். அதை நோயின் முரட்டுத்தனம் என்று எண்ணி இன்னொரு ஊசி போட்டால் தவிப்புதான் கூடும். பசி, சிறுநீர் அடைப்பு, காய்ச்சல், வீட்டிலிருந்து யாரும் வராத ஏக்கம் ஆகியவற்றையும் கேட்டறிய வேண்டும். அப்போது ஒருவர் மட்டும் தாழ்ந்த குரலில் பேச வேண்டும். இரண்டு கை நீளம் தள்ளி, வாசலை மறைக்காமல் நிற்க வேண்டும். மற்ற நோயாளிகளை அங்கிருந்து நகர்த்த வேண்டும்.

கட்டியே தீர வேண்டிய நிலை வந்தால், மென்மையான பட்டைகளைத்தான் பயன்படுத்த வேண்டும். பட்டைக்கும் தோலுக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும். குப்புறப் படுக்க வைக்கக் கூடாது. மூச்சுத் திணறி உயிரே போகலாம். விரல் நுனியின் நிறம், நாடி, மூச்சு, தாகம், கழிப்பறைத் தேவை ஆகியவற்றைப் பக்கத்திலேயே இருந்து பார்க்க வேண்டும். ஆபத்து தணிந்ததும் அவிழ்க்க வேண்டும். பிறகு நோயாளியுடன் உட்கார்ந்து, என்ன நடந்தது, எது உதவியிருக்கும் என்று கேட்க வேண்டும். அவர் சொல்லும் பதில் அடுத்த பராமரிப்புத் திட்டத்தில் இடம்பெற வேண்டும்.

எங்கள் கோரிக்கைகள்

இந்த வார்டுகளில் செவிலியரும் அடி வாங்குகிறார்கள். அதை நாங்கள் மறைக்கவில்லை. ஆனால் அடியைத் தடுப்பது கூடுதல் கயிறு அல்ல, கூடுதல் ஆட்கள். ஆகவே மருத்துவமனை நிர்வாகங்களிடமும் அரசிடமும் கேட்கிறோம்:

1. மனநல வார்டில் இரவுப் பணிக்கு ஒரே ஒரு செவிலியரைப் போடும் பணிப்பட்டியலை நிறுத்துங்கள்.

2. கொந்தளிப்பைப் பேசித் தணிக்கும் பயிற்சியைச் செவிலியருக்கு மட்டுமின்றி, வார்டு உதவியாளர், காவலாளி எல்லோருக்கும் ஆண்டுதோறும் கொடுங்கள்.

3. ஒவ்வொரு கட்டுப்பாட்டையும் மாதந்தோறும் மருத்துவர், செவிலியர், நோயாளிகளின் பிரதிநிதி சேர்ந்து ஆராயட்டும்.

4. சட்டத்துக்குப் புறம்பாகக் கட்டச் சொன்னால் மறுக்கும் செவிலியர் மீது ஒழுங்கு நடவடிக்கை கூடாது என்று எழுத்தில் உறுதி கொடுங்கள்.

எங்கள் உறுப்பினர்களுக்கும் ஒரு வார்த்தை: அனுமதியில்லாமல் கட்டாதீர்கள், கட்டியதைப் பதிவு செய்யாமல் பணி ஒப்படைக்காதீர்கள். மறுத்ததால் சிக்கல் வந்தால் சங்கம் உங்கள் பக்கம் நிற்கும். விதியை மீறிக் கட்டியவருக்காக வாதாடச் சங்கம் வராது.