நெக்ஸ்ட் தேர்வு யாரை வடிகட்டும்?

தோழர்களே, நெக்ஸ்ட் தேர்வு ஒழிந்துவிட்டது என்று நாம் நிம்மதியாக இருக்கிறோம். 2023இல் ஒத்திவைத்தார்கள், அவ்வளவுதான். தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 2019இன் 15ஆவது பிரிவு அப்படியே இருக்கிறது. மருத்துவராகப் பதிவு செய்யவும் முதுநிலை இடம் பிடிக்கவும் அந்த ஒரே தேர்வு. 2023 விதிமுறைப்படி முதல் கட்டத்தில் மட்டும் ஆறு தாள், 540 கேள்வி, தாளுக்குத் தாள் 50 சதவீதம் எடுக்க வேண்டும்.

அந்த ஐம்பதைக் குறைக்கச் சொல்லி நாம் கேட்கவில்லை. எம்.பி.பி.எஸ். தேர்ச்சி மதிப்பெண் இன்றைக்கும் சாதிக்கொன்றாக இல்லை. 'கோட்டா டாக்டர்' என்று விடுதியில் கிண்டலடிப்பவனுக்கு இது தெரியாதா? நன்றாகவே தெரியும்.

வார்டு முடிந்து வந்ததும் ஒருவன் ஆயிரக்கணக்கில் பணம் கட்டிய கோச்சிங் ஆப்பைத் திறக்கிறான். அதே வார்டில் நின்ற நம் வீட்டுப் பெண், உதவித்தொகை ஏன் வரவில்லை என்று கேட்க அலுவலகப் படி ஏறுகிறாள். இரவில் யாரோ விட்டுப்போன, பாதி கிழிந்த வினாவங்கியை வைத்துப் படிக்கிறாள். ரேங்க் பட்டியலில் அவன் கட்டிய சந்தாவும் சேர்ந்துதான் ஏறும். அதற்குப் பெயர் தகுதியாம்!

தேர்வை ரத்து செய்யச் சொல்வோம். அதுவரை அரசு மருத்துவக் கல்லூரிக்குள்ளேயே இலவசப் பயிற்சி கேட்போம். உதவித்தொகையை ஆண்டுத் தொடக்கத்திலேயே கேட்போம். சீனியர் தோழர்களே, உங்கள் வினாவங்கியை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். நம் ஜூனியர் ஒருத்தி காத்திருக்கிறாள்.