கடலில் ஒரு குடித்தனம்

கப்பல் என்றதும் நம்மவர்களுக்கு 1906-ஆம் ஆண்டில் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தோற்றுவித்த வ. உ. சிதம்பரம் பிள்ளையின் நினைவு வரும், அது நியாயமே. அதற்கு அடுத்தபடி, சீமைக்குப் போன பிள்ளைகளையும், கடல் கடக்கலாமா என்று சாஸ்திரம் பேசிய பாட்டிமார்களையும் பற்றிய நினைவு வரும். ஆனால், கணவனும் மனைவியும் ஒரு சிறிய பாய்மரப் படகையே வீடாக்கிக்கொண்டு, தீவு தீவாகச் சென்று, வருஷக்கணக்கில் குடித்தனம் நடத்தலாம் என்ற எண்ணம் எளிதில் வருவதில்லை. அப்படி வாழ்ந்தவர்கள் உண்டு. அவர்களுடைய வாழ்க்கையில் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமும் ஒன்று உண்டு.

இங்கிலாந்தைச் சேர்ந்த எரிக் ஹிஸ்காக், ஸூஸன் ஹிஸ்காக் என்னும் தம்பதிகள், 'வாண்டரர் 3' என்ற படகில் 1952-ல் புறப்பட்டு, உலகத்தைச் சுற்றிக்கொண்டு 1955-ல் ஊர் திரும்பினார்கள். படகின் நீளம் முப்பதே அடி! மயிலாப்பூர் மாட வீதிகளில் உள்ள பழைய வீடு ஒன்றின் ரேழியும் கூடமும் சேர்ந்தால் அவ்வளவு இருக்கும். அதற்குள்ளேயே படுக்கை, அடுப்பு, புத்தகம், கயிறு, பாய், உணவுப் பண்டம் எல்லாம் அடங்க வேண்டும்.

இத்தகைய பிரயாணத்தில் வீரம் எங்கே இருக்கிறது? புயலோடு போராடுவதில் இருக்கிறது என்று நாம் எண்ணுவோம். ஆனால் புயல் எப்போதோ ஒரு நாள் வருவது. பசியும் தாகமுமோ தினந்தோறும் வருபவை. பஸிபிக் சமுத்திரத்தில் காலபகாஸ் தீவுகளுக்கும் மார்க்கேஸஸ் தீவுகளுக்கும் இடையே சுமார் 3,000 கடல் மைல். சிறு படகு நாளைக்கு 100 மைல் ஓடுமென்றால் முப்பது நாள் ஆகும். காற்று ஓய்ந்துபோனால் என்ன செய்வது? ஆகையால் இன்னும் பாதி சேர்த்து நாற்பத்தைந்து நாளைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு அரை காலன் ஜலம் என்பது கடலோடிகளின் பழைய கணக்கு. இருவருக்கு நாற்பத்தைந்து காலன், அதாவது சுமார் 200 லிட்டர். இது குடிப்பதற்கும் சமைப்பதற்கும் மட்டுமே. பாத்திரம் துலக்குவதும் குளிப்பதும் கடல் ஜலத்தில்தான். 2019-ஆம் ஆண்டுக் கோடையில், சென்னையில் தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு காத்து நின்ற குடும்பங்களுக்கு இந்தக் கணக்கின் அருமையை விளக்க வேண்டியதில்லை.

ஜலத்தைப் போலவே ஆகாரத்திலும் அளவு வேண்டும்; அதை வைக்கும் முறையும் தெரிய வேண்டும். டின்களில் ஒட்டிய காகிதம் ஈரத்தில் உரிந்து, படகின் அடியில் சேரும் நீரை இறைக்கும் பம்பை அடைத்துவிடும். எனவே காகிதத்தைக் கிழித்தெறிந்துவிட்டு, டின்னின்மேல் பெயரைச் சாயத்தால் எழுதி வைப்பார்கள். இல்லாவிட்டால் பழத்தை எதிர்பார்த்துத் திறந்த டின்னில் மீன் இருக்கும்! கனமான பண்டங்கள் அடியில். காற்றோட்டம் வேண்டிய வெங்காயமும் உருளைக்கிழங்கும் வலைப்பைகளில். எலுமிச்சம் பழத்தைத் தனித்தனியே காகிதத்தில் சுற்றி வைப்பார்கள். அது வெறும் ருசிக்காக அன்று. எலுமிச்சையும் ஆரஞ்சும் கடலோடிகளின் ஸ்கர்வி நோயைப் போக்கும் என்பதை ஜேம்ஸ் லிண்ட் என்ற வைத்தியர் 1747-லேயே கப்பலில் சோதித்துக் காட்டினார். அட்டைப் பெட்டிகளைப் படகில் ஏற்றவே மாட்டார்கள். அவற்றின் மடிப்புகளில் கரப்பான் பூச்சி குடியேறியிருக்கும்.

தீவை அடைந்ததும் கவலை தீர்ந்ததா என்றால், அதுவும் இல்லை. பவழத் தீவுகளில் தேங்காயும் மீனும் கிடைக்கும். தானியமும் கறிகாயும் விளைவது அரிது. மாலத்தீவுக்கு வெங்காயமும் காய்கறிகளும் ஏற்றிச் செல்லும் நம் தூத்துக்குடித் தோணிக்காரர்கள் இதை நன்கு அறிவார்கள். மீனிலும் ஆபத்து உண்டு. ஒரு தீவில் உண்ணத்தக்க பாறைமீன் வேறொரு தீவில் நஞ்சாக இருக்கும். தீவுவாசிகளைக் கேட்காமல் அடுப்பேற்றுவது அறிவீனம்.

இந்தக் கணக்கையெல்லாம் பார்ப்பவர் யார்? பெரும்பாலும் மனைவிதான். படகைச் செலுத்தும் கணவனை மாலுமி என்றும், மனைவியைச் 'சமையலைக் கவனித்துக்கொண்டவள்' என்றும் உலகம் சொல்லும். ஜலம் தீர்ந்தால் படகு எங்கே போகும் என்று உலகம் கேட்பதில்லை.

இங்கே ஓர் உண்மைச் சம்பவத்தைச் சொல்ல வேண்டும். வில்லியம் ஆல்பர்ட் ராபின்ஸன் என்ற அமெரிக்கர், தம் மனைவி பிளாரன்ஸுடனும் ஓர் உறவினருடனும் 'ஸ்வாப்' என்ற சிறு படகில் காலபகாஸ் தீவுகளுக்குச் சென்றிருந்தார். 1934-ல், அங்கே மனித சஞ்சாரமற்ற ஓரிடத்தில், அவருடைய குடல்வால் வெடித்துவிட்டது. வைத்தியருக்குப் பனாமாவுக்குத்தான் போக வேண்டும். சுமார் ஆயிரம் மைல். தெய்வாதீனமாக அப்பக்கம் வந்த மீன்பிடி கப்பல் ஒன்றில் கம்பியில்லாத் தந்தி இருந்தது. செய்தி பறந்தது. பனாமாக் கால்வாய்ப் பகுதியிலிருந்து விமானங்களும் ஒரு போர்க்கப்பலும் வந்தன, மனிதர் பிழைத்தார். அந்த மீன்பிடி கப்பல் வராமற் போயிருந்தால்? நினைக்கவே நெஞ்சு நடுங்குகிறது.

இதே ராபின்ஸன்தான் பிறகு இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் 1930-ல் தமிழர்கள் கட்டிய 'அன்னபூரணி' என்ற கப்பலை வாங்கினார். 89 அடி நீளமுள்ள அக்கப்பல், வல்வெட்டித்துறை மாலுமிகளுடன், 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளாஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. கப்பலுக்கு அவர் இட்ட புதுப் பெயர் 'பிளாரன்ஸ் ஸி. ராபின்ஸன்'. தம் மனைவியின் பெயர்! அன்னம் அளிக்கும் தேவியின் பெயரை நம்மவர்கள் கப்பலுக்கு வைத்தார்கள். அதை எடுத்துவிட்டு மனைவியின் பெயரை அவர் வைத்தார். பழைய பெயர் போனதில் நமக்கு வருத்தமே. ஆனால் இரண்டு பெயர்களும் அவ்வளவு தூரத்தில் இல்லை என்று தோன்றுகிறது.

கடற்குடித்தனம் நடத்தும் தம்பதிகள் இதனால் ஒரு நியமம் வைத்திருக்கிறார்கள். மனைவிக்குச் சுக்கான் பிடிக்கவும், பாயை இறக்கவும், வரைபடத்தில் படகு நிற்கும் இடத்தைக் குறிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். கணவனுக்கு எந்த டின் எங்கே இருக்கிறது, ஜலம் எவ்வளவு மிச்சம் என்பது தெரிந்திருக்க வேண்டும். ஒருவர் படுத்துவிட்டால் மற்றவர் கரை சேர்க்க வேண்டுமே!

கரையில் இருக்கும் நம் கதி என்ன? உபாத்தியாயர் உத்தியோகத்தில் நான் கண்டதைச் சொல்கிறேன். தாய் ஆஸ்பத்திரியில் இருக்கும் வாரத்தில், கஞ்சி வைக்கவும் அறியாத தந்தையின் பிள்ளை பசியோடு வகுப்புக்கு வருகிறான். தந்தை மறைந்த மாதத்தில், பாங்கிப் புத்தகம் எங்கே, இன்ஷூரன்ஸ் பத்திரம் எங்கே என்று அறியாத தாய் பள்ளிக்கூடத்து வாசலில் திகைத்து நிற்கிறாள். இருவரும் படித்தவர்கள், இருவரும் நல்லவர்கள். ஆனால் ஒருவர் வேலை மற்றவருக்குத் தெரியாது.

ஸ்திரீகளால் சுக்கான் பிடிக்க முடியுமா என்ற சந்தேகத்துக்கு இனி இடமில்லை. நம் கடற்படையைச் சேர்ந்த தில்னா, ரூபா என்ற இரு பெண் அதிகாரிகள், 'தாரிணி' என்ற 56 அடிப் பாய்க்கப்பலில், 2024 அக்டோபர் 2-ஆம் தேதி கோவாவிலிருந்து புறப்பட்டு, உலகைச் சுற்றி 2025 மே மாதம் திரும்பிவிட்டார்கள். அவர்களில் ரூபா புதுச்சேரிப் பெண். கப்பலில் இருந்தவர்கள் இருவரே. ஆகவே சமைத்தவர்களும் அவர்களே, செலுத்தியவர்களும் அவர்களே.

ஆகையால் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஒரு நாள் வீட்டுத் தலைவர் அடுக்களைப் பொறுப்பை ஏற்கட்டும். அரிசி எத்தனை நாளைக்கு வரும் என்று அளந்து பார்க்கட்டும். அன்று வீட்டுத் தலைவி கணக்குப் புத்தகத்தையும் பத்திரங்களையும் எடுத்து வைத்துக்கொள்ளட்டும். சாம்பாரில் உப்பு கூடலாம். கூட்டலில் ஒரு தொகை விடுபடலாம். பாதகமில்லை. காற்று நல்லபடி வீசும்போது பழகிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.