கிராம அலுவலகங்களுக்குச் சிறு கம்ப்யூட்டர்

2011-ம் வருஷம் டிசம்பர் 30-ந் தேதி 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது, மின்கம்பங்கள் சாய்ந்து, பல கிராமங்கள் பல நாள்வரை மின்சாரமின்றித் தவித்தன. அத்தகைய புயல் அரிதெனினும், ஐப்பசி கார்த்திகை மழையில் சில மணி நேரம் மின்சாரம் நிற்பது கடலூர், சிதம்பரம் தாலூகாக்களில் புதிதன்று. பட்டா, சிட்டா, அடங்கல், சங்கத்துக் கடன் கணக்கு ஆகியவை பெரும்பாலும் கம்ப்யூட்டரைச் சார்ந்துவிட்ட இக்காலத்தில், மின்சாரம் நின்றால் குடியானவர் வெறுங்கையுடன் திரும்ப நேரிடுகிறது. பயிர்க் காப்பீட்டுக்குரிய கடைசித் தேதியோ அவருக்காகக் காத்திருப்பதில்லை.

இதற்குத் தக்க பரிகாரம் ஒன்று உண்டு. கைப்பேசிகளில் உள்ள ஆர்ம் வகைச் சில்லைக் கொண்டு, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் உருவாகி 2012-ல் வெளிவந்த 'ராஸ்ப்பெரி பை' உள்ளங்கையளவுள்ள ஒரு பலகையே. 2019-ல் வெளிவந்த அதன் நான்காம் வகை, கடிதம் எழுதவும், கணக்கு வைக்கவும், இணையத்தில் சிட்டா பார்க்கவும் போதுமானது. அதில் இயங்கும் லினக்ஸ் விலையின்றிக் கிடைப்பது, தமிழிலும் எழுதலாம்.

செலவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 12 வோல்ட், 80 ஆம்பியர்-மணி கொண்ட ஒரு பாட்டரியில் பாதியை மட்டும் உபயோகித்தால் 480 வாட்-மணி கிடைக்கும். திரையுடன் 120 வாட் இழுக்கும் மேஜைக் கம்ப்யூட்டர் அதனால் 4 மணி நேரம் ஓடும். திரையுடன் 30 வாட் இழுக்கும் சிறு பலகையோ 16 மணி நேரம் ஓடும். இன்வர்ட்டரில் ஏற்படும் நஷ்டத்தால் இரண்டும் சற்றுக் குறையுமேயன்றி, சிறு பலகையே வெகுநேரம் ஓடும் என்பது மாறாது. செல்போன் கோபுரமும் நின்றுவிட்டால் இணையம் கிட்டாது என்பது மெய்யே. ஆயினும் பலகையிலேயே பதிந்துள்ள சங்கத்துக் கணக்கைப் பார்க்கத் தடையிராது.

குறைகளையும் மறைத்தல் தகாது. இன்டெல் சில்லுக்கென எழுதப்பட்ட சில புரோகிராம்களும், சில அச்சு யந்திரங்களும், மின்னணுக் கையொப்பக் கருவிகளும் இதில் இயங்கா. திடீரென மின்சாரம் நின்றால் நினைவு அட்டை பழுதாகக்கூடும். ஆகையால் பாட்டரியும், தினந்தோறும் வேறிடத்தில் ஒரு நகல் எடுத்துவைக்கும் வழக்கமும் இன்றியமையாதவை. லினக்ஸ் நமக்குக் கடினமென்று கருதவேண்டுவதில்லை. கேரள அரசாங்கப் பள்ளிகளில் சிறுவர்களே பல வருஷங்களாக அதனைக் கையாண்டு வருகின்றனர்.

புதிய விதையை எவரும் முதற்போகத்திலேயே நிலம் முழுதும் விதைப்பதில்லை. அதுபோல, பிர்க்காவுக்கு ஒரு சங்கத்தில் ஒரு பலகையை, பழைய கம்ப்யூட்டரை அகற்றாமலே, சம்பா சாகுபடிக் காலம் முழுதும் வைத்துப் பார்த்தல் நலம். மின்சாரம் நின்ற நாள்களில் எத்தனை பேருக்கு வேலை முடிந்தது என்று குறித்துவந்தால், மேற்கொண்டு செய்யவேண்டுவது தானே விளங்கும். சங்க நிர்வாகிகளும் கிராம அலுவலர்களும் இதனை ஆலோசிப்பார்களாக.