காப்பீட்டு அட்டை கூலி கொடுக்காது

சிகிச்சைதான் இலவசமாயிற்றே, இனி நோயைக் காட்டி வறுமைக்குக் காரணம் சொல்லக் கூடாது என்று சென்ற இதழில் ஒருவர் எழுதியிருந்தார். ஏழைகள் கடனில் விழுவது குடியாலும் சேமிக்காததாலும்தான் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். இதை அறியாமை என்று விட்டுவிட முடியாது. இது அநியாயம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை ஏற்கிறது. நல்ல திட்டம், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பணம் மருத்துவமனைக்குப் போகிறது. வீட்டுக்கு ஒரு பைசா வருவதில்லை.

சிறுநீரகம் செயலிழந்த ஒரு கொத்தனாரின் வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். வாரம் இரண்டு டயாலிசிஸ், ஒவ்வொன்றும் நாலு மணி நேரம். ஆண்டுக்கு 104 நாள் கூலி போயிற்று. ஊசி எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டு தலைசுற்றலோடு பஸ் ஏறுகிறவரைத் தனியே அனுப்ப முடியாது. மனைவியும் வேலையை விட்டுவிட்டுக் கூட வருகிறார்; அது இன்னொரு 104 நாள். மிச்ச நாளிலாவது வேலை உண்டா? டயாலிசிஸ் ஊசி ஏற்றுவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்ட கையால் கனமான எதையும் தூக்கக் கூடாது என்கிறார் டாக்டர். அந்தக் கை இல்லாமல் கொத்தனாருக்கு ஏது தொழில்? தோடு அடகுக்குப் போகிறது. குழுக் கடனை அடைக்கக் கந்துவட்டிக்கு வாங்குகிறார்கள். பிள்ளை பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகிறான். இதில் எந்தச் செலவைக் காப்பீடு ஏற்கிறது? இதில் எங்கே சேமிப்பது?

குடி என்ற குற்றச்சாட்டுக்கு வருவோம். ராஜஸ்தான், குஜராத், ஆந்திரக் கிராமங்களில் வறுமைக்குள் சரிந்த குடும்பங்களை ஆராய்ந்த அனிருத் கிருஷ்ணா, 2010-இல் வந்த தன் நூலில் முதன்மைக் காரணமாகக் காட்டியது நோயையும் மருத்துவச் செலவையும். குடிக்கும் சோம்பலுக்கும் அவர் கண்ட பங்கு மிகச் சொற்பம். நோயையும் எல்லோரும் தாமே தேடிக்கொள்வதில்லை. ஆந்திரத்தின் உத்தானத்திலும் இலங்கையின் அனுராதபுரத்திலும் சர்க்கரையோ ரத்தக்கொதிப்போ இல்லாத விவசாயிகளுக்குச் சிறுநீரகம் கெடுகிறது. காரணம் என்னவென்று ஆய்வாளர்களே இன்னும் அறுதியிடவில்லை. எந்தத் தைரியத்தில் இவர் நோயாளியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார்?

காசநோயாளிக்கு ஊட்டச்சத்துக்கென்று மாதம் 1,000 ரூபாய் நேரே வங்கிக் கணக்கில் போடுகிறது அரசு. டயாலிசிஸ் நாளுக்கு ஒரு நாள் கூலியை அதே வழியில் கொடுக்கலாம். அதை எதிர்க்க இவரிடம் காரணம் இருந்தால் அடுத்த இதழில் எழுதட்டும்.