கு உருபுக்கு அபராதமா?

அண்ணன் மகள் படிக்கும் தனியார் பள்ளியிலிருந்து சென்ற வாரம் ஒரு சுற்றறிக்கை. ஆங்கிலப் பாடவேளையில் ஆசிரியரோ மாணவரோ ஒரு சொல்கூடத் தமிழில் பேசக் கூடாது. மீறும் மாணவருக்கு அபராதம். அன்று மாலை அவளுடைய இலக்கண நோட்டைப் புரட்டினேன். பக்கம் முழுக்க 'எஸ் வி ஐஓ டிஓ' என்று எழுதி வைத்திருந்தாள்.

"ஐஓன்னா என்னம்மா?"

"இன்டைரக்ட் ஆப்ஜெக்ட், சித்தப்பா. டெஃபனிஷன் ஒப்பிக்கட்டுமா?"

"வேண்டாம். 'அம்மா எனக்குத் தோசை கொடுத்தாள்'. எதைக் கொடுத்தாள்?"

"தோசையை."

"அது டிஓ, டைரக்ட் ஆப்ஜெக்ட். யாருக்கு?"

"எனக்கு... அதான் ஐஓவா? இவ்வளவுதானா சித்தப்பா?"

இவ்வளவுதான். 'மதர் கேவ் மீ எ தோசா' என்பதில் 'மீ'க்குள் ஒளிந்திருப்பது நம் நான்காம் வேற்றுமை. பேசத் தொடங்கிய நாளிலிருந்து அந்தப் பெண் 'கு' போட்டுத்தான் பேசுகிறாள். அவளுக்குத் தெரிந்ததை அவளிடமிருந்தே பூட்டி வைத்துவிட்டு, ஆறு எழுத்துச் சூத்திரத்தைக் கையில் கொடுத்திருக்கிறோம்.

இந்த 'கு'வை நம் முன்னோர் எவ்வளவு நுட்பமாகப் பார்த்தார்கள்! நன்னூல் அதற்கு ஏழு பொருள்களைப் பெயர் சொல்லி அடுக்குகிறது: கொடை, பகை, நேர்ச்சி, தகவு, அதுவாதல், பொருட்டு, முறை. முதலில் நிற்பது கொடை. ஆங்கிலத்தில் இந்தப் பாடத்துக்கு முதல் உதாரணமாக வரும் வினையும் 'கிவ்'தான். தொல்காப்பியரோ கேட்பவரின் நிலையையும் அளந்தார். தாழ்ந்தவன் கேட்டால் 'ஈ', ஒத்தவன் கேட்டால் 'தா', உயர்ந்தவன் கேட்டால் 'கொடு' என்று எச்சவியலில் வகுத்தார். ஆங்கிலம் இந்த மூன்றையும் 'கிவ்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறது. இப்படிப்பட்ட இலக்கணத்துக்குச் சொந்தக்காரப் பிள்ளை 'ஐஓ' என்றதும் மிரள்கிறது என்றால் குற்றம் பிள்ளையுடையதா?

ஆங்கிலத்துக்கும் ஒரு காலத்தில் வேற்றுமை உருபுகள் இருந்தன. இன்றைய 'ஹிம்' பழைய ஆங்கிலத்தில் 'அவனுக்கு'; 'அவனை' என்பதற்கு 'ஹினே' என்ற வேறு வடிவம் இருந்தது. காலப்போக்கில் உருபுகள் உதிர்ந்தன; அவை செய்த வேலை சொல் நிற்கும் இடத்தின் தலையில் விழுந்தது. 'அரசன் புலவருக்கு யானையைக் கொடுத்தான்' என்பதைத் தமிழில் எப்படி மாற்றிப் போட்டாலும் யானை புலவரிடமே போய்ச் சேரும். 'தி கிங் கேவ் தி போயட் அன் எலிஃபன்ட்' என்பதில் புலவரையும் யானையையும் இடம் மாற்றுங்கள். புலவர் யானைக்குக் கொடையாகிவிடுவார். பெறுபவர் முன்னே, பொருள் பின்னே என்று ஆங்கிலம் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான். பொருளை முன்னே வைத்தால் 'டு' வேண்டும். இதைத் தமிழில் விளக்க ஐந்து நிமிடம் போதும்.

'ஆங்கிலத்தை ஆங்கிலத்திலேயே சிந்தித்துப் படிக்க வேண்டும்' என்பவர்களுக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்க விரும்பவில்லை. வாய்க்குப் பூட்டுப் போடலாம். பிள்ளையின் தலைக்குள் ஓடும் தமிழுக்கு எந்தப் பள்ளி பூட்டுப் போடும்? 'எக்ஸ்பிளெய்ன் மீ' என்று பிள்ளை எழுதுவது அங்கிருந்துதான் வருகிறது. 'எனக்குச் சொல்' 'டெல் மீ' ஆகும்போது, 'எனக்கு விளக்கு' மட்டும் ஏன் 'எக்ஸ்பிளெய்ன் டு மீ' ஆக வேண்டும்? நியாயமான கேள்வி. 'கிவ், டெல், ஷோ, சென்ட்' போன்ற வினைகள் பெறுபவரை நேரே பக்கத்தில் சேர்க்கும்; 'எக்ஸ்பிளெய்ன், டிஸ்கிரைப், டொனேட்' போன்ற லத்தீன் வழி வினைகளில் பலவற்றுக்கு 'டு' இல்லாமல் முடியாது. 'எனக்குப் பசிக்கிறது' என்பதில் உள்ள 'எனக்கு' ஆங்கிலத்துக்குப் போனால் 'ஐ' ஆகிவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இரண்டு மொழியையும் அருகருகே வைத்தால்தான் எங்கே ஒன்றுகின்றன, எங்கே பிரிகின்றன என்பது தெரியும். தமிழைத் தடுத்த வகுப்பில் சிவப்பு மைச் சுழி மட்டும்தான் மிஞ்சும்.

ஆங்கில ஆசிரியர் பயிற்சியில் நன்னூல் வேற்றுமைப் பகுதியைக் கட்டாயமாக்க வேண்டும். தமிழ் பேசினால் அபராதம் என்னும் பள்ளிகளை அரசு தட்டிக் கேட்க வேண்டும். இந்த இரண்டையும் செய்தால், ஆங்கிலம் என்றாலே நடுங்கும் நிலை ஒரே தலைமுறையில் ஒழியும். அண்ணன் மகளின் பயம் ஒரு தோசையில் தீர்ந்ததே!