தனியாகத் தோக்கியோ போகிறீர்களா? 4.8 நட்சத்திரத்தை அப்படியே நம்பாதீர்கள்

இரவு மணி எட்டு. ஷின்ஜுக்கு ரயில் நிலையத்திலிருந்து வெளியே வருகிறீர்கள். நல்ல பசி. கூட யாரும் இல்லை. கைத்தொலைபேசியில் தேடினால், கூகல் மேப்ஸில் 4.8 நட்சத்திரம் வாங்கிய உணவகம் ஒன்று இரண்டு நிமிட நடையில் இருக்கிறது. அதே தெருவில் 3.6 வாங்கிய இன்னொரு கடையும் இருக்கிறது.

எதற்குள் நுழைவீர்கள்?

நம்மில் பெரும்பாலோர் 4.8 பக்கம்தான் போவோம். ஆனால் தோக்கியோவில் அந்த 3.6 கடையில் நீங்கள் இன்னும் நன்றாகச் சாப்பிட்டிருக்கலாம். எப்படி என்று பார்ப்போம்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

2024இல் கிட்டத்தட்ட 37 மில்லியன் வெளிநாட்டுப் பயணிகள் ஜப்பானுக்குச் சென்றனர். அதற்கு முன் அந்த நாடு அவ்வளவு பேரைப் பார்த்ததில்லை. யென்னின் மதிப்பு இறங்கியது முக்கியக் காரணம். சிங்கப்பூர் வெள்ளியை மாற்றியவர்களுக்கு அது நன்றாகவே தெரியும்.

வந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஜப்பானிய மொழி தெரியாது. எல்லாரும் ஒரே செயலியைத் திறந்து, ஒரே ஆங்கிலச் சொற்களைத் தட்டி, ஒரே பட்டியலைப் பார்க்கிறார்கள். அந்தப் பட்டியலில் மேலே இருப்பது கடைக்காரருக்குப் பெரிய பணம்.

நாலு பேராகப் போனால் நாலு பண்டம் வாங்கிப் பகிரலாம். ஒன்று சொதப்பினாலும் மூன்று மிஞ்சும். தனியாகப் போனால் ஒரு வேளைக்கு ஒரு கடை, ஒரு தட்டு, அவ்வளவுதான். ஐந்து நாள் பயணத்தில் இரவுச் சாப்பாடு ஐந்தே முறை. அதனால் தனியாகச் செல்பவருக்குத் தவறான தேர்வு கூடுதலாகவே வலிக்கும்.

அந்த 4.8 எங்கிருந்து வருகிறது?

பல நேரம் உண்மையிலேயே நல்ல சாப்பாட்டிலிருந்து. சில நேரம் இலவசப் பானத்திலிருந்து! "ஐந்து நட்சத்திரம் போடுங்கள், ஒரு பண்டம் இலவசம்" என்று மேசையில் அட்டை வைப்பது பல நாடுகளில் நடக்கிறது. சலுகை கொடுத்து விமர்சனம் வாங்குவதைக் கூகலின் விதிகள் தடைசெய்கின்றன. ஆனால் ஒவ்வொரு கடையிலும் யார் போய்ப் பார்ப்பது?

ஜப்பான் இதற்காக 2023 அக்டோபரில் ஒரு விதிமுறையைக் கொண்டுவந்தது. விளம்பரம் என்று சொல்லாமல் விளம்பரம் செய்வது இப்போது அங்கே சட்டத்துக்கு எதிரானது. அதன்கீழ் பயனீட்டாளர் விவகார அமைப்பு 2024 ஜூனில் முதல் உத்தரவைப் பிறப்பித்தது. சிக்கியது உணவகம் அல்ல, தோக்கியோவில் உள்ள ஒரு மருந்தகம். சளிக்காய்ச்சல் தடுப்பூசி போட வந்தவர்கள் கூகலில் 4 அல்லது 5 நட்சத்திரம் கொடுத்தால் கட்டணத்தில் கழிவு என்று அது சொல்லியிருந்தது.

மருந்தகமே இப்படி என்றால், பக்கத்துத் தெரு உணவகத்தைப் பற்றி நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மற்ற நாடுகளிலும் இதே தலைவலிதான். 2017இல் ஊபா பட்லர் என்ற எழுத்தாளர் லண்டனில் தம் தோட்டக் கொட்டகையை உணவகம் என்று டிரிப்அட்வைசரில் பதிவுசெய்தார். நண்பர்கள் பொய்யான விமர்சனங்களை எழுதினார்கள். சில மாதங்களில் அது லண்டனின் முதலிட உணவகமாகிவிட்டது. அங்கே அதுவரை ஒரு வாடிக்கையாளர்கூடச் சாப்பிட்டதில்லை! போலி விமர்சனங்களை வாங்குவதையும் விற்பதையும் தடைசெய்யும் விதிகள் அமெரிக்காவில் 2024 அக்டோபரிலும், பிரிட்டனில் 2025 ஏப்ரலிலும் நடப்புக்கு வந்தன.

3.5 என்றால் சுமாரா?

ஜப்பானியர்கள் உணவகம் தேட அதிகம் பயன்படுத்தும் தளங்களில் ஒன்று தாபெலோக். 2005இல் தொடங்கியது. அங்கேயும் ஐந்துக்குத்தான் மதிப்பெண். ஆனால் கணக்கு வேறு.

தாபெலோக்கில் 3.5ஐத் தாண்டும் கடைகள் மொத்தத்தில் சுமார் 3 விழுக்காடுதான். 4ஐத் தொடுவது அபூர்வம். அங்கே எல்லார் வாக்குக்கும் ஒரே எடை கிடையாது. நிறையச் சாப்பிட்டு நிறைய எழுதியவர்களின் கருத்துக்கு எடை அதிகம். ஆக, கூகலில் 3.5 பார்த்தால் நாம் கடந்துபோய்விடுவோம். தாபெலோக்கில் 3.5 பார்த்தால் உள்ளூர்க்காரர் வரிசையில் நிற்பார்.

அப்படியென்றால் தாபெலோக்கைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா? அங்கேயும் ஒரு சிக்கல் உண்டு. 2019 மே மாதம் அது மதிப்பெண் கணக்கிடும் முறையை மாற்றியது. கொரிய இறைச்சி உணவகங்களை நடத்தும் ஒரு நிறுவனம், கிளைகள் உள்ள கடை என்பதாலேயே தன் மதிப்பெண் இறங்கி, வியாபாரமும் படுத்துவிட்டது என்று வழக்குப் போட்டது. 2022 ஜூனில் தோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 38 மில்லியன் யென்னுக்கும் மேல் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 2024 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றித் தளத்தின் பக்கம் நின்றது.

யார் பக்கம் நியாயம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். சமையற்காரர் மாறவில்லை, சாப்பாடு மாறவில்லை, ஆனால் மதிப்பெண் மாற முடியும். அதை வைத்துத்தான் நாம் எங்கே சாப்பிடுவது என்று முடிவெடுக்கிறோம்.

தனி ஆள் என்றால் இடம் கிடைக்குமா?

இது கடைக்காரரின் கணக்கு. இருவர் மேசையில் ஒருவர் உட்கார்ந்தால் வருமானம் பாதி. அதனால் பல நகரங்களில் இணைய முன்பதிவு "குறைந்தது இருவர்" என்றுதான் தொடங்குகிறது. சோலில் இறைச்சியைச் சுட்டுச் சாப்பிடும் கடைகள் பலவற்றில் குறைந்தது இருவருக்கான அளவு வாங்கவேண்டும்.

தோக்கியோவில் நிலைமை நமக்குச் சாதகம். ராமென், சூஷி, தெம்புரா, சோபா கடைகள் பலவற்றில் சமையற்காரருக்கு எதிரே ஒரு நீளப் பலகை, அதையொட்டி வரிசையாக நாற்காலிகள். தனியாக வருபவரை ஜப்பானியர்கள் 'ஒஹித்தோரிசாமா' என்று மரியாதையோடு அழைப்பார்கள். பத்து இருக்கைகூட இல்லாத கடையில் நாலு பேருக்கு இடம் கிடைப்பது கஷ்டம். நடுவில் காலியாக இருக்கும் ஒற்றை நாற்காலி உங்களுக்குத்தான்.

சரி, எப்படித் தேடுவது?

1. முதலில் உணவுப் படத்தை விடுங்கள், இருக்கைப் படத்தைப் பாருங்கள். நீளப் பலகை இருந்தால் தனியாகப் போகலாம். எல்லாமே பெரிய மேசை என்றால் யோசியுங்கள்.

2. விமர்சனங்களைப் புதியவை முதலில் வருமாறு வரிசைப்படுத்துங்கள். ஐந்து நட்சத்திரங்களைத் தாண்டி மூன்று நட்சத்திரக் கருத்துகளைப் படியுங்கள். "சுவை நன்று, 40 நிமிடம் காத்திருந்தோம்" போன்ற உருப்படியான தகவல் அங்கேதான் இருக்கும். எல்லாக் கருத்துகளும் ஒரே ஊழியரின் பெயரைப் புகழ்ந்தால் உஷார்.

3. ஒரே கடையை இரண்டு தளங்களில் பாருங்கள். கூகலில் 4.8, உள்ளூர்த் தளத்தில் 3.0 என்றால் அது பெரும்பாலும் சுற்றுப்பயணிகளை நம்பி நடக்கும் கடையாக இருக்கலாம். 4.1, 3.5 என்றால் தைரியமாகப் போகலாம்.

4. பெரிய செலவைப் பகலுக்கு மாற்றுங்கள். இரவில் கையைக் கடிக்கும் சூஷி கடைகள் பலவற்றில் மதிய உணவு மலிவு.

5. கடை மூடும் நேரத்தை மட்டும் பார்த்துப் போகாதீர்கள். கடைசி ஆர்டரை அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னதாகவே முடித்துவிடுவார்கள்.

6. எதுவும் சரிவரவில்லையா? பெரிய கடைத்தொகுதியின் அடித்தளத்துக்குப் போங்கள். அங்குள்ள உணவுப் பகுதியில் மூடும் நேரம் நெருங்கும்போது பொட்டலங்களில் கழிவு ஒட்டுவில்லை விழும். தங்கும் அறைக்கு எடுத்துப்போய் நிம்மதியாகச் சாப்பிடலாம்.

நம்மவர்கள் கவனிக்கவேண்டியவை

சைவமா? இறைச்சி இல்லை என்று சொன்னாலும் சூப்பில் மீன் இருக்கலாம். 'தாஷி' எனும் மீன் சாறு மிசோ சூப் முதல் சோபா குழம்பு வரை பலவற்றுக்கும் அடிப்படை. ராமென் சாறு பெரும்பாலும் பன்றி அல்லது கோழி எலும்பில் கொதித்தது. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களும் ஹலால் பார்ப்பவர்களும், எது வேண்டாம் என்பதை ஜப்பானிய மொழியில் எழுதிக் கைத்தொலைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்ச் சாப்பாட்டுக்கு மனம் ஏங்கினால் இந்தியர்கள் அதிகம் வாழும் நிஷி-கசாய் வட்டாரம் இருக்கிறது.

மதுக்கூடங்களில் கேட்காமலே ஒரு சிறு கிண்ணம் வரும். அது இலவசமல்ல. பெயர் 'ஓதோஷி'. சில நூறு யென் இருக்கைக் கட்டணம் மாதிரி. ஏமாற்றிவிட்டார்கள் என்று ஒரு நட்சத்திரம் போடும் பயணிகளும் உண்டு. பாவம் கடைக்காரர்!

இரவில் தனியாகப் போகும்போது ஒரு விஷயம் முக்கியம். கபுகிச்சோ போன்ற இடங்களில் தெருவில் நின்று கடைக்கு ஆள் பிடிப்பவர்களைப் பின்தொடர வேண்டாம். அநியாயக் கட்டணம் பற்றி அங்கே ஒலிபெருக்கியிலேயே எச்சரிக்கிறார்கள். எவ்வளவு நல்ல ஆங்கிலம் பேசினாலும் "வேண்டாம்" என்று நடந்துகொண்டே இருங்கள்.

ஊர் திரும்பியதும் நீங்களும் விமர்சனம் எழுதுவீர்கள், இல்லையா? எத்தனை மணிக்குப் போனீர்கள், தனியாக இடம் கிடைத்ததா, எவ்வளவு ஆனது, எந்தப் பண்டத்தில் என்ன இறைச்சி என்று நாலு வரி எழுதுங்கள். அடுத்து ஷின்ஜுக்குவில் பசியோடு தனியாக நிற்பவருக்கு உங்கள் ஐந்து நட்சத்திரத்தைவிட அந்த நாலு வரிதான் உதவும்.